இன்னடிசிலும் தினைக்கதிரும்: தமிழ் இலக்கியச் சான்றுகளில் கிளி வளர்ப்பும் ஊட்டுமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கியத்தில் கிளி இரு நிலைகளில் காட்சியளிக்கிறது. தினைப்புனத்தில் கதிர் கவர்ந்து விரட்டப்படும் கிளி ஒன்று. மனையில் மகளிர் கையிலிருந்து ஊட்டப்பெறும் கிளி மற்றொன்று. புனத்துக் கிளியின் உணவைச் சங்கப் பாடல்கள் நுட்பமாகப் பதிவு செய்கின்றன. மனைக் கிளிக்கு அளிக்கப்படுவனவாகப் பக்தி இலக்கியங்கள் கூறும் பால், தேன், அடிசில் ஆகியவையோ குழந்தைக்குரிய உணவுகளாக உள்ளன. இவ்வேறுபாட்டை முதன்மைப்படுத்தும் இக்கட்டுரை, வளர்ப்புக் கிளியின் உணவு பறவையின் தேவையைவிட வளர்ப்போரின் உறவுணர்வையும் கிளியிடம் எதிர்பார்த்த பேச்சையும் ஒட்டியே அமைந்தது என நிறுவ முயல்கிறது. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் நேர்ந்த உணவு மாற்றமும் இக்காலச் சட்டநிலையும் இதன் தொடர்ச்சியில் வைத்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கிள்ளை, வளர்ப்புப் பறவை, ஊட்டுதல், தினைப்புனம், பக்தி இலக்கியம், கிளிக்கூடு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

முன்னுரை

கிளி, கிள்ளை, தத்தை, சுகம் எனப் பல பெயர்களால் வழங்கப்பெறும் பறவை தமிழர் வாழ்வோடு நெடுங்காலம் பிணைந்தது. தூதுப் பொருளாகவும், தலைவியின் துணையாகவும், தெய்வத்தின் கையில் அமர்ந்த சின்னமாகவும் அது இலக்கியத்திலும் கலையிலும் இடம்பெற்றுள்ளது. கிளியைக் குறித்த ஆய்வுகளில் அதன் தூதுப்பணியும் உவமைப் பயன்பாடும் பெறும் கவனத்தை, அது என்ன உண்டது, யார் ஊட்டினர், எங்கே தங்கியது என்னும் எளிய வினாக்கள் பெறுவதில்லை. அன்றாடப் பராமரிப்பு பற்றிய இவ்வினாக்கள் சிறியனவாகத் தோன்றினாலும், மனிதர் ஓர் உயிரைத் தம் மனைக்குள் எவ்வாறு வைத்துக்கொண்டனர் என்னும் சமூக வரலாற்றுக்கு அவையே நேரடிச் சான்றுகளாகும்.

இலக்கியத்தை இவ்வகையில் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கிளிக்குப் பாலும் அடிசிலும் ஊட்டியதாக ஒரு பாடல் கூறுவதைக்கொண்டு, அக்காலத்தவர் பறவை வளர்ப்பில் தேர்ந்திருந்தனர் என உடனே முடிவு செய்துவிட இயலாது. பாடல் கூறும் உணவு, நடைமுறையையும் காட்டலாம். கூறுவோரின் மனநிலையையும் காட்டலாம். எது எதைக் காட்டுகிறது என்பதைப் புனத்துக் கிளி பற்றிய பாடல்களோடு ஒப்பிட்டே தெளிய வேண்டும்.

1. புனத்துக் கிளி: தானே தேடும் உணவு

குறிஞ்சித் திணைப் பாடல்களில் கிளி, பயிருக்குப் பகையாக வருகிறது. தினை முற்றும் காலத்தில் மகளிர் பரண்மேல் இருந்து தட்டை, தழல், குளிர் முதலிய கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளி கடிந்தனர். கிளி கடியும் கொடிச்சியின் கையிலுள்ள குளிரைக் குறுந்தொகை 291ஆம் பாடல் குறிப்பிடுகிறது. கிளிகள் கதிரைக் கொய்துண்டபின் எஞ்சி நிற்கும் தினைத்தாள், மழை பெய்ததும் மீண்டும் தழைப்பதைக் குறுந்தொகை 133ஆம் பாடல் காட்டுகிறது. கதிரை மட்டும் கொய்து தாளை விட்டுச் செல்லும் பறவையின் இயல்பு இங்கு உற்று நோக்கப்பட்டுள்ளது.

தினை மட்டுமே கிளியின் உணவாகக் காட்டப்படவில்லை. குறுந்தொகை 67ஆம் பாடல், வேப்பம்பழத்தை வளைந்த அலகில் பற்றியிருக்கும் கிளியைப் புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்காசைக் கூரிய நகத்தால் பற்றியிருக்கும் கைக்கு ஒப்பிடுகிறது. உவமை அழகியதாயினும், அதன் அடித்தளம் நேரடிக் காட்சியே. வேம்பின் பழத்தைக் கிளி உண்பதை இன்றும் ஊர்ப்புறங்களில் காணலாம். விதை, தானியம், பழம், மொட்டு ஆகியவற்றைப் பருவத்துக்கேற்ப மாறிமாறி உண்பதே பச்சைக்கிளியின் இயல்பு எனப் பறவையியல் கூறுவதற்கு இப்பாடல்கள் முரணாக இல்லை.

பயிருக்குப் பகையான கிளி, காதலுக்கு நட்பாவதும் குறிஞ்சியில் உண்டு. கிளி கடியும் பொருட்டே தலைவி புனத்துக்கு வருகிறாள் என்பதால், தலைவன் கிளிகளை ஊழி கடந்தும் வாழ்க என வாழ்த்துகிறான் (ஐங்குறுநூறு 281). இப்பாடலை முதலாகக்கொண்ட பத்துப் பாடல்கள் 'கிள்ளைப் பத்து' எனத் தொகுக்கப்பட்டிருப்பது, இப்பறவைக்குப் புலவர் அளித்த இடத்தைக் காட்டுகிறது. நற்றிணை 102ஆம் பாடலில் தலைவி, கதிர் கவரும் கிளியை அஞ்சாமல் நிறைய உண்ணச் சொல்லி, உண்டபின் தன் குறையை முடித்துத் தர வேண்டும் எனக் கேட்கிறாள். உணவுக்கு ஈடாகச் சொல் என்னும் இந்த உடன்பாடு, பிற்கால வளர்ப்புக் கிளிப் பாடல்களில் மையமான இடத்தைப் பெறுகிறது. ஆயினும் நற்றிணைக் கிளி எவருக்கும் உரியதன்று. தான் விரும்பியதை உண்கிறது; உண்டபின் பறந்துவிடும் உரிமையும் அதற்கு உண்டு.

2. மனைக் கிளி: முன்கையில் ஒரு துணை

மனையில் வளரும் கிளியும் சங்கப் பாடல்களில் உண்டு. அகநானூறு 34ஆம் பாடலில், வினைமுற்றி மீளும் தலைவன் தன் மனைவியை எண்ணிப் பார்க்கிறான். அவள் சிவந்த கழுத்துவரை உடைய கிளியை முன்கையில் ஏந்தி, பிரிந்து சென்றவர் இன்று வருவாரா எனப் பிறர் கேளாதவாறு மெல்லக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது அவன் கற்பனை. 'செந்தார்' எனப்படும் கழுத்துவரை, பச்சைக்கிளியின் ஆணுக்கு மட்டுமே உரியது. அதுவும் ஏறத்தாழ மூன்று ஆண்டு வளர்ச்சிக்குப் பின்னரே முழுமையாகத் தோன்றுவது. ஆகவே இப்பாடல் காட்டும் கிளி, பல ஆண்டுகள் மனிதக் கையில் பழகிய முதிர்ந்த ஆண்கிளி எனக் கொள்ள இடமுண்டு.

சிலப்பதிகாரத்தின் மனையறம் படுத்த காதையில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும்போது, அவள் மொழிக்கு ஒப்பாக முடியாமல் கிளிகள் வருந்தின எனினும் அவள் கையை விட்டு நீங்கவில்லை என்கிறான். கிளியின் இருப்பிடம் இங்கும் கையே. பிரிவிலும் கூடலிலும் கிளி பெண்ணின் உடலோடு ஒட்டியிருப்பதாகவே இவ்விரு சான்றுகளும் காட்டுகின்றன.

உடன்போக்குப் பாடல்கள் இவ்வுறவை வேறொரு கோணத்தில் காட்டுகின்றன. தலைவனுடன் சென்றுவிட்ட மகளை நினைந்து வருந்தும் தாய், அவள் விரும்பிய பொருள்களாகக் கிளி, பந்து, கழங்கு ஆகியவற்றை ஒருசேர எண்ணுகிறாள் (அகநானூறு 49). பந்தும் கழங்கும் உயிரற்றவை. கிளி மட்டுமே பிரிவை உணரக்கூடியது. நற்றிணை 143ஆம் பாடலில், மகள் இல்லாத வீட்டில் கிளி அவளை உறவாகக் கருதிக் கூவுகிறது. அவ்வொலி தாயின் துயரை மிகுவிக்கிறது. உயிரற்ற விளையாட்டுப் பொருள்களோடு எண்ணப்பட்ட உயிர், விளையாடியவள் நீங்கியபின் என்னவாகும் என்னும் வினா இங்கே முதன்முதலாக எழுகிறது. அதற்கான விடையை இப்பாடல்கள் தரவில்லை.

மேற்கண்ட பாடல்களில் மற்றொரு மௌனமும் உண்டு. இக்கிளிகள் மனைக்கு எவ்வாறு வந்தன என்பது கூறப்படவில்லை. பச்சைக்கிளி மரப்பொந்தில் முட்டையிடுவது. குஞ்சு பொரிக்கும்போது கண் திறவாமலும் இறகின்றியும் இருக்கும். தாய்ப்பறவை தான் உண்டதைக் கக்கி அலகோடு அலகு வைத்து ஊட்டும். ஏறத்தாழ ஆறேழு வாரத்துக்குப் பின்னரே குஞ்சு கூட்டை விட்டு வெளியேறும். மனிதரோடு நன்கு பழகிப் பேசும் கிளியைப் பெற வேண்டுமாயின், இக்காலத்துக்குள் பொந்திலிருந்து குஞ்சை எடுப்பதே வழக்கமான முறை. புனத்தில் கிளி விரட்டிய சமூகமே மனையில் கிளி வளர்த்தது என்பதையும், காட்டோடு அதற்கிருந்த நெருக்கத்தையும் கருதினால், பொந்துக்கும் முன்கைக்கும் இடைப்பட்ட வழி அறியப்படாததாக இருந்திருக்க இயலாது. பாடலின் நோக்கம் அவ்வழியில் இல்லை என்பதே உண்மை.

3. பாலும் அடிசிலும்: குழந்தைக்குரிய ஊட்டு

மனைக் கிளி என்ன உண்டது என்பதைத் தெளிவாகக் கூறும் சான்றுகள் பக்தி இலக்கியங்களில் கிடைக்கின்றன. திருஞானசம்பந்தரின் முதல் திருமுறை 60ஆம் பதிகம், தோணிபுரத்து இறைவன்மேல் காதல் கொண்ட தலைவியின் கூற்றாக அமைந்தது. அதில் அவள் கிளியை அருகே அழைத்து, தேனும் பாலும் முறையாக உண்ணத் தருவதாகக் கூறி, இறைவன் பெயரைத் தன்பொருட்டு ஒருமுறை பேசுமாறு வேண்டுகிறாள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் (5:5) தலைவி, இனிய அடிசிலோடு பாலமுதும் ஊட்டி வளர்த்த தன் அழகிய கிளியைக் குயிலுக்குத் தோழமையாக்குவதாக உறுதி தருகிறாள். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் (1:4:8) கிளியின் இணைப்பறவையாகிய பூவையின் அலகில் இன்னடிசில் வைக்கப்படும் செயல் பேசப்படுகிறது.

இம்மூன்று சான்றுகளிலும் வரும் உணவுகள் தேன், பால், அடிசில் ஆகியவை. தினையும் வேம்பும் இங்கு இடம்பெறவில்லை. இவை குழந்தைக்கு ஊட்டும் உணவுகள். தெய்வத்துக்குப் படைக்கும் உணவுகளும் இவையே. ஊட்டுதல், எடுத்தல், வளர்த்தல் என இப்பாடல்கள் பயன்படுத்தும் வினைச்சொற்கள் மகவை வளர்க்கும் தாய்க்கும் உரியவை. எனவே கிளியின் உணவுப்பட்டியல், கிளியை வளர்ப்பவள் தன்னைத் தாயின் இடத்தில் வைத்துக்கொண்டதன் வெளிப்பாடு எனலாம்.

இங்கு நடைமுறை சார்ந்த ஒரு கூறையும் ஒதுக்கிவிட முடியாது. அலகில் மென்மையான சோற்றை வைத்து ஊட்டுவது, தாய்ப்பறவை அலகோடு அலகு வைத்து ஊட்டுவதை ஒத்த செயல். பொந்திலிருந்து எடுத்த குஞ்சு தானே கொத்தி உண்ணாது. குழைந்த உணவைப் பிறர் ஊட்டினாலன்றி அது பிழைக்காது. அலகில் அடிசில் வைத்தல் என்னும் குறிப்பு, குஞ்சுப் பருவத்தில் எடுத்து வளர்த்த வழக்கத்தின் சுவடாகவும் இருக்கக்கூடும். ஆயின் வளர்ந்த பறவைக்கும் அதே ஊட்டு தொடர்வதாகப் பாடல் கூறும்போது, தேவை முடிந்தபின்னும் உறவு அவ்வடிவத்திலேயே நிலைபெற்றதை உணர முடிகிறது.

பால் பற்றிய செய்தி தனியே கருதத்தக்கது. பாலூட்டிகளின் குட்டிகளுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி உண்டு. பறவைகளுக்கு அது இல்லை. ஆதலால் பால் மிகுந்த உணவு கிளிக்குக் கழிச்சலை உண்டாக்கும் எனக் கால்நடை மருத்துவம் அறிவுறுத்துகிறது. பாடல் கூறும் பாலமுது நடைமுறையில் சிறிதளவே கலந்த சோறாக இருந்திருக்கலாம். மரபான சிறப்பு மொழியாகவும் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், கிளிக்குச் சிறந்ததாகக் கருதப்பட்ட உணவு மனிதக் குழந்தைக்குச் சிறந்தது எதுவோ அதுவாகவே இருந்தது. புனத்தில் கிளி எதை உண்டு செழித்தது என்பதை அறிந்திருந்த மரபே, மனையில் அவ்வறிவைப் பாடுபொருளாக்கவில்லை.

4. உணவும் பேச்சும்: பயிற்சி முறை

கிளிக்குப் பேச்சுப் பயிற்றுவித்தல் இந்திய மரபில் மதிக்கப்பெற்ற கலை. காமசூத்திரம் கூறும் 64 கலைகளுள் கிளிக்கும் பூவைக்கும் பேசக் கற்பித்தலும் ஒன்று. அர்த்தசாத்திரம் அரண்மனையில் கிளி, பூவை முதலியவற்றை வைத்திருக்கச் சொல்கிறது. பாம்போ நஞ்சோ இருப்பின் அவை குரலெழுப்பும் என்பது அதன் கருத்து. தமிழில் பெரும்பாணாற்றுப்படை, அந்தணர் உறைவிடத்தில் கிளிக்கு மறையோசை பயிற்றப்பட்டதைக் குறிப்பிடுகிறது. மாணிக்கவாசகரின் திருத்தசாங்கம் முழுவதும் கிளியை விளித்து, இறைவனின் நாடு, ஊர், ஆறு முதலிய பத்து உறுப்புகளைச் சொல்லுமாறு கேட்கும் அமைப்பில் உள்ளது.

இப்பயிற்சியில் உணவு வகித்த பங்கை வெளிப்படையாகக் காட்டும் பாடல் நாச்சியார் திருமொழி 12:9 ஆகும். கூட்டிலிருக்கும் கிளி எப்போதும் கோவிந்தன் பெயரைச் சொல்லி அழைக்கிறது. அப்பெயர் பிரிவுத்துயரை வளர்ப்பதால், தலைவி ஊட்டுக் கொடாமல் அதனை ஒறுக்கிறாள். கிளியோ அடங்காமல், உலகளந்தான் என மேலும் உரத்துக் கூவுகிறது. இப்பாடலில் வளர்ப்பு வரலாற்றுக்கான மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, கிளி கையில் அல்லாமல் கூட்டில் இருக்கிறது. இரண்டாவது, அதற்குக் குறித்த வேளையில் ஊட்டு அளிக்கும் வழக்கம் உள்ளது. அவ்வழக்கம் இல்லையேல் நிறுத்துதல் தண்டனையாகாது. மூன்றாவது, பேசுவதற்கு ஊட்டுதலைப்போலவே, பேச்சை நிறுத்துவதற்கு ஊட்டு மறுத்தலும் ஒரு முறையாக அறியப்பட்டிருந்தது.

இதே 5:5இல் பாலமுது ஊட்டுபவளாகவும் 12:9இல் ஊட்டு மறுப்பவளாகவும் தலைவி காட்சியளிப்பது முரணன்று. இரு பாடல்களும் சேர்ந்தே வளர்ப்புறவின் முழு வடிவத்தைத் தருகின்றன. அன்பு, அதிகாரம் ஆகிய இரண்டும் ஊட்டும் கையிலேயே இருக்கின்றன. சம்பந்தர் பாடலில் உணவு வேண்டுகோளோடு இணைகிறது. ஆண்டாள் பாடலில் அது ஒறுப்போடு இணைகிறது.

ஒப்பீட்டுக்காக, இந்தியக் கிளி சென்று சேர்ந்த மேலை நாட்டைக் கருதலாம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலின் 10ஆம் பகுதியில், இந்தியா அனுப்பும் பச்சைநிறப் பறவை பற்றி எழுதியுள்ளார். கழுத்தில் சிவந்த வளையம் உடைய அப்பறவை பேரரசர்களை வாழ்த்தும் என்றும், அதன் தலை அலகைப்போல் கடினமானதாதலால் பேசக் கற்பிக்கும்போது இரும்புக் கோலால் அடிப்பர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஆண்டாள் பாடலின் ஒறுப்பும் துன்பமே எனினும், அது உறவின் எல்லைக்குள் நிகழ்கிறது. கிளி அதற்கு மறுமொழி கூறும் உயிராகவும் மதிக்கப்படுகிறது.

திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தில் (14) இவ்வுறவு அதன் உச்சத்தை அடைகிறது. கிளி இறைவன் பெயர்களைச் சொல்லக் கேட்ட தலைவி, வளர்த்ததன் பயனைப் பெற்றதாகக் கூறிக் கிளியையே கைகூப்பி வணங்குகிறாள். மகவை வளர்த்த தாய், அம்மகவினால் பேறு பெறுவதற்கு இது இணையானது. கிளியின் பேச்சே வளர்ப்பின் பயன் என்பது இங்கு வெளிப்படையாகிறது.

5. ஊட்டும் கை நீங்கும்போது

மனிதக் கையில் உண்டு வளர்ந்த பறவை அக்கையையே சார்ந்திருக்கும். இதனைத் தமிழ்ப் புலவர் உணர்ந்திருந்தனர் என்பதற்குத் திருவாய்மொழி 1:4:8 சிறந்த சான்று. தன் நோயை இறைவனிடம் சென்று உரைக்காத பூவையை நோக்கித் தலைவி பேசுகிறாள். தன் மேனியும் நிறமும் தளர்ந்துவிட்டன. இனி உன் அலகில் இன்னடிசில் வைப்பார் வேறு எவரையேனும் தேடிக்கொள் என்கிறாள். பக்தி மரபில் இது பிரிவாற்றாமையின் மிகுதியைக் காட்டும் கூற்று. அதே வேளையில், வளர்ப்போர் நோயுற்றாலோ இறந்தாலோ வளர்ப்புப் பறவை உணவுக்கு வழியற்றுப்போகும் என்னும் நடைமுறை உண்மை அதனுள் பொதிந்துள்ளது. 'உணவைத் தேடிக்கொள்' எனக் கூறப்படவில்லை. 'ஊட்டுவாரைத் தேடிக்கொள்' என்றே கூறப்படுகிறது. அப்பறவைக்குத் தானே இரைதேடும் திறன் இனி இல்லை என்பது இத்தொடரின் உட்பொருள்.

நற்றிணை 143இல் தலைவி நீங்கிய வீட்டில் கூவிய கிளியையும், திருவாய்மொழியில் வேறு கை தேடுமாறு சொல்லப்பட்ட பூவையையும் அருகருகே வைத்துக் காண்பது பயனுடையது. முன்னதில் எழுந்த வினாவைப் பின்னது பறவையின் பக்கமிருந்து கேட்கிறது. நீண்ட ஆயுளுடைய பறவையை வளர்ப்பது, வளர்ப்போரின் வாழ்வு மாற்றங்களைத் தாண்டி நீளும் பொறுப்பு. பச்சைக்கிளி நல்ல பராமரிப்பில் 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. திருமணத்தால் மனை மாறும் பெண்ணின் வாழ்வோடு அப்பறவையின் வாழ்வு இணைந்திருந்த சமூகத்தில், இது அடிக்கடி நேர்ந்திருக்கக்கூடிய இழப்பாகும்.

6. கொய்யாவும் மிளகாயும்: உணவு மாற்றம்

இன்று கிளி என்றதும் தமிழர் நினைவில் எழும் உணவுகள் கொய்யாப்பழமும் மிளகாயும் ஆகும். வீடுகளில் நிலக்கடலையும் சூரியகாந்தி விதையும் மக்காச்சோளமும் தரப்படுகின்றன. இவை ஐந்தும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர் கடல்வணிகத்தால் ஏற்பட்ட பயிர்ப் பரவலின் விளைவாகவே இவை இந்நிலத்தில் வேரூன்றின. மரபான கிளி உணவு எனப் பொதுவாகக் கருதப்படுபவற்றுள் பல, சங்கக் கிளியும் ஆண்டாளின் கிளியும் அறியாதவை. கிளி மூக்குக்கு உவமையாகும் கோவைப்பழமும், தினையும், நெல்லும், வேப்பம்பழமுமே பழைய உணவுகள்.

இம்மாற்றத்தில் கிளியின் இயல்புக்குப் பொருந்தியவையும் உண்டு, பொருந்தாதவையும் உண்டு. மிளகாயின் காரத்தைத் தரும் வேதிப்பொருள் பாலூட்டிகளுக்கே எரிச்சலூட்டும். பறவைகளின் நரம்பு ஏற்பிகள் அதனை உணர்வதில்லை. ஆதலால் கிளி மிளகாயைத் துன்பமின்றி உண்ணும். அதிலுள்ள உயிர்ச்சத்து அதற்கு நன்மையும் தரும். சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும் கொழுப்பு மிகுந்தவை. கூட்டில் பறக்க வழியின்றி இருக்கும் பறவைக்கு இவற்றை மட்டுமே அளித்தால் உடல் பருத்துக் கல்லீரல் பாதிப்படையும். ஏ உயிர்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்து நோய் உண்டாகும். கீரை, பழம், காய், முளைகட்டிய பயறு ஆகியவற்றைக் கலந்தளிக்குமாறு மருத்துவர் அறிவுறுத்துவது, காட்டில் கிளி மேற்கொள்ளும் பலவகை உணவு முறையைக் கூட்டுக்குள் ஓரளவு மீட்டெடுக்கும் முயற்சியே. அவ்வகையில் இன்றைய மருத்துவ அறிவுரை, பாலமுதைக் காட்டிலும் குறிஞ்சிப் பாடலின் காட்சிக்கே நெருங்கியது.

7. கோயிற் கிளியும் சோதிடக் கிளியும்

மனைக்கு வெளியே கிளி வளர்ந்த களங்கள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. மதுரை மீனாட்சியம்மன் திருவுருவின் கையில் கிளி உள்ளது. அக்கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் முற்காலத்தில் கூடுகளில் கிளிகள் வளர்க்கப்பட்டு, அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கப்பட்டன. பிற்காலத்தில் கூடுகள் அகற்றப்பட்டுவிட்டன. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. கூடு, ஊட்டு, தெய்வப்பெயர் என்னும் பாசுர அமைப்பு கோயில் வழக்கமாகவே நிலைபெற்றதை இம்மண்டபம் காட்டுகிறது.

திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் சார்த்தப்பெறும் கிளி உயிருள்ளதன்று. மரவள்ளி இலை, மாதுளம்பூ முதலியவற்றைக்கொண்டு அது நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. மரவள்ளியும் அமெரிக்கத் தாயகமுடைய செடி என்பதால், இம்மரபின் இன்றைய வடிவமும் பயிர்ப் பரவலுக்குப் பிற்பட்டது எனக் கொள்ளலாம். ஊட்டும் தேவையின்றியே கிளியின் பொருண்மையைக் காத்துவரும் மரபு என்ற வகையில் இது தனித்தன்மை உடையது.

கிளி சோதிடத்தில் உணவுக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பு மிகச் சுருங்கிய வடிவை அடைகிறது. சிறகு கத்தரிக்கப்பட்ட கிளி சிறு கூட்டிலிருந்து வெளிவந்து, அட்டைகளுள் ஒன்றை அலகால் எடுத்துப் போடும். அதற்கு ஈடாக நெல்மணி பெற்று மீண்டும் கூட்டுக்குள் செல்லும். நற்றிணைத் தலைவி புனத்துக் கிளியோடு செய்துகொண்ட உடன்பாட்டின் வடிவம் இங்கும் உள்ளது. பறந்து செல்லும் உரிமை மட்டும் இல்லை. இத்தொழிலைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்கள் எளிய நிலையினர் என்பதால், இவ்வழக்கத்தின் மறைவு அவர்தம் வாழ்வாதாரச் சிக்கலாகவும் அமைந்தது.

8. சட்டமும் வளர்ப்பு மரபும்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்த பச்சைக்கிளி, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளது. உள்நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்தலும் விற்றலும் 1990-91 முதலே தடைசெய்யப்பட்டுள்ளன. எனவே ஒருகாலத்தில் கலையாகவும் பக்தியாகவும் போற்றப்பட்ட செயல் இன்று குற்றமாகும்.

இம்மாற்றத்தை மரபுக்கு எதிரான ஒன்றாகக் காண்பது பொருத்தமன்று. இலக்கியம் பாடாது விட்ட இடத்தையே சட்டம் தொடுகிறது. பொந்திலிருந்து குஞ்சை எடுத்தல், கொண்டுசெல்லும் வழியில் நேரும் இறப்பு, சிறகு கத்தரித்தல் ஆகியவை பாடலின் பார்வைக்கு வெளியே இருந்தன. சந்தைக்காகப் பெருமளவில் குஞ்சுகள் எடுக்கப்பட்ட காலத்தில் அவை மறைக்க முடியாதவை ஆயின. எனினும் சட்டம் தனித்துத் தீர்க்க இயலாத சிக்கல் ஒன்றும் உண்டு. குஞ்சுப் பருவம் முதல் மனிதக் கையில் உண்ட பறவையைத் திடீரெனக் காட்டில் விடுவித்தால் அது இரைதேடவும் பகை அறியவும் இயலாமல் இறக்கக்கூடும். மீட்கப்படும் கிளிகளுக்குப் பறத்தல் பயிற்சியும் இயற்கை உணவுப் பழக்கமும் அளித்த பின்னரே விடுவித்தல் வேண்டும். அதற்கும் இயலாதவற்றை இறுதிவரை பேணுதல் வேண்டும். வேறு கை தேடுமாறு சொல்லப்பட்ட பூவையின் நிலை இன்றும் மாறவில்லை.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

புனத்துக் கிளியின் உணவைச் சங்கப் பாடல்கள் நேரடிக் காட்சியின் அடிப்படையில் துல்லியமாகப் பதிவு செய்துள்ளன. மனைக் கிளிக்குரியனவாகப் பக்தி இலக்கியம் கூறும் பால், தேன், அடிசில் ஆகியவை குழந்தைக்கும் தெய்வத்துக்கும் உரிய உணவுகள். ஆகவே அவற்றைப் பறவை வளர்ப்பறிவின் சான்றுகளாகக் கொள்வதைவிட, வளர்ப்போர் கிளியோடு பூண்ட தாய்மை உறவின் சான்றுகளாகக் கொள்வதே தகும்.

உணவளித்தலும் பேச்சை எதிர்பார்த்தலும் பிரியாது இணைந்திருந்தன. நாச்சியார் திருமொழி 12:9 ஊட்டு மறுத்தலையும் பதிவு செய்வதால், வளர்ப்புறவில் அன்போடு அதிகாரமும் கலந்திருந்தது தெளிவாகிறது. ஊட்டும் கையைச் சார்ந்த பறவையின் நிலையாமையை நற்றிணை 143, திருவாய்மொழி 1:4:8 ஆகியவை உணர்ந்து காட்டியுள்ளன.

மரபான கிளி உணவு என இன்று கருதப்படுபவை பலவும் 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் வந்தவை. மரபு என்னும் பெயரால் எதையும் நிலையானதாகக் கொள்ளும் முன், அதன் காலத்தை வரையறுத்தல் ஆய்வாளர் கடமை. கிளி எதை உண்டு வாழும் என்னும் வினாவுக்குத் தமிழ் மரபு தந்த மிகச் சரியான விடை, கிளியைக் கொஞ்சிய மனையிலிருந்து வரவில்லை. அதனை விரட்டிய தினைப்புனத்திலிருந்தே வந்தது.